வேகம் சொன்ன தகடு

ஜீப்பை நான் ஓட்டினேன். என் கணவர் பின்னால் எழுந்து நின்று, தலைக்கு மேலே, கம்பியில் கீல் வைத்து மாட்டிய ஒரு தகட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். மரக்காணம் தாண்டிய கடற்கரைச் சாலையில் இலைகூட அசையாத விடியல் நேரம். "அம்பது!" என்று நான் கத்துவேன். காற்றில் தகடு எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் அவர் ஒரு கோடு போடுவார். பிறகு அறுபது, எழுபது, எண்பது. காற்று ஏமாற்றிவிடக் கூடாதாம், அதனால் அதே சாலையில் எதிர்த்திசையிலும் ஓட்டச் சொல்வார். "டிரைவரம்மா, கொஞ்சம் ஆட்டாம ஓட்டும்மா" என்பார். "சம்பளம் குடுக்குற மூஞ்சியப் பாரு" என்பேன். வழியில் வந்த மீன்கார அம்மாக்கள் எங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

சுனாமி வந்து போன அடுத்த ஆண்டு அது. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த அவரை, அலை அழித்த கரையையும் உப்பளங்களையும் மேலிருந்து படம் எடுக்க ஒரு சின்ன நிறுவனம் அமர்த்தியிருந்தது. விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். துணி இறக்கை, ஒரே இன்ஜின், ஒருவர் உட்காருகிற இடம். உப்பளத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில், உப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கொட்டகையில் கால் வைத்தாலே எனக்கு உதடு கரிக்கும். கீழே ரேடியோவோடு நிற்பது என் வேலை. "டீச்சரம்மாவுக்கு ஸ்கூல் லீவுதானே, வீட்ல சும்மா உக்காந்து என்ன பண்ணப் போற?" என்று இழுத்து வந்துவிட்டார்.

விமானத்தின் முன்னால் விரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் காற்று எவ்வளவு அழுத்தமாகப் புகுகிறதோ, அதை வைத்துத்தான் உள்ளே இருக்கும் முள் வேகத்தைக் காட்டும். அறுபதுக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது, விழ வேண்டியதுதான். அந்தக் குழாய் எங்கள் ஊர்க் காற்றில் அடிக்கடி உப்பால் அடைத்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன், "ஏங்க, அந்த ஜிபிஎஸ் பொட்டி இருக்குதே, அது வேகம் காட்டாதா?"

"அது தரைக்கு எவ்ளோ வேகம்னு சொல்லும்மா. எறக்கைக்கு வேண்டியது காத்துல எவ்ளோ வேகம்ன்றது. பின்னாலேருந்து காத்து தள்ளிச்சுன்னா ஜிபிஎஸ் தொண்ணூறுன்னு ஜோராத்தான் காட்டும். ப்ளேன் உழுந்துடும்." ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

அதனால்தான் அந்தத் தகடு. இறக்கையைத் தாங்கும் கம்பியில் கீலும் ஸ்பிரிங்கும் வைத்து மாட்டினார். வேகம் கூடினால் சாயும், குறைந்தால் நிமிரும். குழாய் பொய் சொன்னால் தகடு காட்டிக்கொடுத்துவிடும் என்றார். சில நாளிலேயே கீலில் செம்பழுப்பு படர்ந்ததைப் பார்த்து, "தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடட்டுமா?" என்றேன். பாம்பைப் பார்த்ததுபோல் கையைத் தட்டிவிட்டார். "எண்ணெய் பட்டா மண்ணு வந்து ஒட்டிக்கும். வெளியில இருக்குற கீலைக் காய வச்சுத்தான் வெக்கணும்." விமானப்படையில் அத்தனை வருஷமும் அவர் வேலை பார்த்தது ராஜஸ்தான் பாலைவனத்தில். அங்கே எதிரி மண். இங்கே எதிரி ஈரம் என்பது அவர் கைக்குப் பழகவே இல்லை. தினமும் காய்ந்த துணியால் துடைப்பார், அவ்வளவுதான்.

அன்று காலை அலை நுரைக்கு மேலேயே தாழப் பறந்து, வெகுநேரம் கரையைப் படம் எடுத்தார். சாரல் மேலெல்லாம் தெறிக்கிறது என்று ரேடியோவில் சொல்லிச் சிரித்தார். வெயில் ஏறியதும் உப்பளப் பக்கம் திரும்பினார்.

"எண்பதுல போறேன். படம் எடுக்க எழுபதுக்கு எறக்கணும்." இன்ஜின் சத்தம் குறைந்தது. "என்னது, முள்ளு எறங்கவே மாட்டேங்குது? இன்னும் கொஞ்சம் கொறைக்கிறேன்." மறுபடி குறைந்தது. தலைக்கு மேலே விமானம் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

"ரொம்ப மெதுவாப் போற மாதிரி இருக்குதுங்க."

"எதிர்க்காத்தும்மா. கீழேருந்து பாத்தா அப்படித்தான் இருக்கும். ஜிபிஎஸ்ஸும் கம்மியாத்தான் காட்டும். தகடும் எண்பதுதான் காட்டுது."

கொட்டகைக் கூரையில் காற்று வீசுவதைப் பார்க்கக் கட்டியிருந்த சிவப்புத் துணியைத் திரும்பிப் பார்த்தேன். அது ஈர வேட்டிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. கரைக்காற்று ஓய்ந்து, கடல்காற்று இன்னும் எழும்பாத நேரம். ஐயோ, எதிர்க்காற்று எங்கே இருக்கிறது?

"காத்தே இல்லீங்க! துணி ஆடவே இல்ல! வேகம் குடுங்க, சொல்றதைக் கேளுங்க!"

"பயப்படாதம்மா. ரெண்டு மீட்டரும் சேந்து பொய் சொல்லாது."

ஒரு பக்கத்து இறக்கை சரிந்தது. அப்புறம் மூக்கு கவிழ்ந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு என்னைவிட வேகமாக ஓடினார்கள். கணுக்கால் தண்ணீர்தான் அந்தப் பாத்தியில். அவரைத் தூக்கி வரப்பில் கிடத்தியபோதே உயிர் இல்லை. ஒரு அம்மா தன் முந்தானையால் அவர் முகத்தில் இருந்த உப்பைத் துடைத்தார். நான் ரேடியோவைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தேனாம். பிறகு சொன்னார்கள்.

இறக்கைக் கம்பி உடையாமல் கிடந்தது. தகடு எண்பதில் சாய்ந்தபடி நின்றது. விரலால் தள்ளினேன், அசையவில்லை. கட்டைவிரலால் அழுத்தியபோது கீல் நறநறவென்று உப்பாக உதிர்ந்தது. குழாயின் வாயிலும் அதே உப்பு. குழாயை நம்ப முடியாமல்தான் தகடு வைத்தார். ஆனால் இரண்டும் ஒரே சாரலில் நனைந்து, ஒரே வேகத்தில் போகும்போது காய்ந்து, ஒரே எண்ணில் இறுகிவிட்டன.

இத்தனை வருஷம் ஆகியும் எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். பள்ளியில் இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்லி, "அப்போ சரியாத்தான் இருக்கும்" என்றால், "ரெண்டு பேரும் எங்கேருந்து பாத்தீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். டீச்சருக்கு எதிலும் சந்தேகம் என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு அவருக்குக் காற்றில் போகிற வேகத்தைச் சொல்ல மூன்று வழி இருந்தது. இரண்டு வழி எண்பது என்றன. மூன்றாவது வழி கீழே நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அதை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.