அஞ்சலைக்குக் கரி பூசிய சபை

பிறரைக் கரையேற்றும் தொழிலில் உள்ள பெரிய சங்கடம், கரையேற்றப்படுகிறவர்களுக்கும் வாய் இருக்கிறது என்பதுதான். ஏதாவதொரு சபையின் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று கால் கடுத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பி.ஏ. முடித்த கையோடு ராயபுரத்தில் ஒரு மாதர் சபையில் சேர்ந்தேன். ஆதரவற்ற இளம் பெண் ஒவ்வொருத்திக்கும் படித்த பெண் ஒருத்தி 'தமக்கை'யாக இருந்து நல்வழி காட்ட வேண்டும். அதுதான் சபையின் திருப்பணி.

முதல் உபதேசம்

எனக்குக் கிடைத்த தங்கை அஞ்சலை. பதினாறு வயது. தாயை மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்த பிறகு மாமன் வீட்டில் இருந்தாள். வண்ணாரப்பேட்டை மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். சபை விதிப்படி முதல் நாள் சுத்தத்தைப் பற்றிப் போதிக்க வேண்டும். பல் துலக்குவதில் தொடங்கி நகம் வெட்டுவது வரை போதித்தேன். அவளோ குழாயடியில் குளித்து, தலை வாரி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். டிராமில் நசுங்கி, புழுதியும் வியர்வையுமாக உட்கார்ந்திருந்தவள் நான்தான். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அல்லாம் சரிதான் யக்கா. மொதல்ல நீ மூஞ்சி கழுவு, நான் தண்ணி மொண்டாறேன்."

சபைக்குப் பிடித்த மாப்பிள்ளை

மாமன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அன்றாடம் அவருக்கு வேலை கொடுப்பதும் மறுப்பதும் ஒரு மேஸ்திரியின் கையில். அந்த மேஸ்திரிக்கு மனைவி இல்லை, வயது ஐம்பது, கண் அஞ்சலை மேல். மாமன் தலையாட்டிவிட்டார். அஞ்சலை கண்டுபிடித்திருந்த வழி ஒன்றே ஒன்று: திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் சேர்வது. "சம்பளம் கொணாந்து போட்டேன்னா எங்க மாமன் என்னிய எவனுக்கும் குடுக்காது" என்றாள். ஆனால் சிபாரிசு இல்லாமல் அங்கே வாசலைத் தாண்ட முடியாது.

சபைத் தலைவியம்மாளிடம் ஓடினேன். நீங்களும் இப்படி யாரிடமாவது ஓடியிருப்பீர்கள், பாவம். சபையைப் பொறுத்தவரை கல்யாணமான பெண் கரையேறிய பெண். வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு என்ன சிமிழ் கொடுப்பது என்று அவர்கள் யோசித்ததே இல்லை. பெண்ணின் சம்மதம், வயது வித்தியாசம், மனுஷ நியாயம் என்று தொண்டை வறளும் வரை வாதாடினேன். அம்மாள் வெற்றிலையை நிதானமாக மென்று முடித்தார். "மேஸ்திரிக்குச் சொந்த வீடு இருக்காமே? அப்புறம் என்ன குறை உன் தங்கைக்கு? ஐம்பது வயசானவன், இனிமேல் புதுசாய்க் கெட்டுப்போகவும் மாட்டான்."

ஒத்திகை

ஆண்டு விழாவில் ஒரு வழக்கம். ஒரு பெண், சபைக்கு வருமுன் இருந்த கோலத்தில் மேடைக்கு வருவாள்: அழுக்கு, கிழிசல், பரட்டைத் தலை. 'சேற்றில் கிடந்தேன், சபை தூக்கியது' என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய், வெள்ளைப் புடவையில் திரும்புவாள். சபையோர் கைதட்டுவார்கள். அந்த வருஷம் அஞ்சலை. கைதட்டல் முடிந்ததும் மேஸ்திரியோடு அவளுக்குக் கல்யாணம் என்ற அறிவிப்பு. விழாவுக்குத் தலைமை தாங்க வருவது தீப்பெட்டிக் கம்பெனி வெள்ளைக்கார மானேஜரின் மனைவியான துரைசானி என்று தெரிந்ததும், அஞ்சலை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள்.

விழாவன்று காலை ஒத்திகையில் ஒரு தொல்லை. அவளிடம் அழுக்கு இல்லை. சமையற்கட்டிலிருந்து அடுப்புக்கரி வந்தது; நல்ல புடவையைக் கத்தரிக்கோலால் கிழித்தார்கள்; எண்ணெய் வைத்துப் பின்னிய தலையை இரண்டு சீமாட்டிகள் மூச்சிரைக்கக் கலைத்தார்கள். "இவள் ஒருநாளும் இப்படி இருந்ததில்லையே!" என்று நான் கத்தினேன். தலைவியம்மாள் கரிக் கையோடு என் பக்கம் திரும்பினார்: "இருந்திருக்கணும் அம்மா. இல்லாட்டா நாம எதுக்கு?"

மொழிபெயர்ப்பு

துரைசானிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான். என் பட்டத்துக்கு அந்தச் சபையில் கிடைத்த ஒரே மரியாதை அது. அஞ்சலை கரியோடு வந்து நின்றாள். பாடம் பண்ணிய வசனத்தை விட்டுவிட்டாள். "இந்தக் கரி இவங்க பூசனதும்மா. நான் காத்தால குளிச்சிட்டுத்தான் வந்தேன். தோ, குந்திகினு கீறாரே மேஸ்திரி, அவருக்கு என்னியக் கட்டி வெக்கப் போறாங்க. எனக்கு வாணாம். உங்க கம்பெனில வேலை குடுங்க."

துரைசானி என்னைப் பார்த்தாள். "நன்றி சொல்றாள்னு சொல்லு" என்று தலைவியம்மாள் என் முழங்கையைக் கிள்ளினார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன், கரி உட்பட. துரைசானி தலைவியம்மாளின் கரி படிந்த விரல்களைப் பார்த்தாள், அஞ்சலையின் முகத்தைப் பார்த்தாள், திங்கட்கிழமை கம்பெனிக்கு வரச் சொன்னாள். முன்வரிசையில் மேஸ்திரி துண்டை உதறிக்கொண்டு எழுந்து, மாமனிடம் சொன்னார்: "இன்னா நைனா, இந்த வாயை வூட்ல வெச்சிகினு நான் எங்க போயி தூங்கறது?"

மறு வருஷம்

கொஞ்ச நாள் மாமனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைக்கவில்லை. வீட்டில் தினம் ரகளை. அஞ்சலையின் முதல் சம்பளம் வந்ததும் அடங்கியது. என்னைத் தமக்கைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். மறு வருஷ விழாவுக்கு அஞ்சலைதான் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மேடையில் தலைவியம்மாள், "நம் சபை முயன்று வேலையில் அமர்த்திய பெண்!" என்று முழங்கினார். முழங்கிவிட்டு இறங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, "கொஞ்சமாய்க் கரி பூசிண்டு வாயேன், போன வருஷம் பாதியிலே நின்னு போச்சு" என்றார்.

அஞ்சலை கோபப்படவில்லை. கம்பெனிக்குக் கட்டும் வெள்ளைப் புடவையின் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "வோணும்னா இந்த வாட்டி நீங்க பூசிக்குங்கம்மா. நான் வெளுத்த பொடவையோட பக்கத்துல நிக்கறேன்."

பிறரைத் தூக்கிவிடும் சபைக்குக் கீழே கிடக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், ஆள் அகப்படாவிட்டால் ஒரு கைப்பிடி அடுப்புக்கரியாவது வேண்டும்.