வேனுக்கு ஒரு முகம் தேவை

ஒரு காலத்திலே, ரப்பர் மரமும் டெலிபோன் கம்பியும் பக்கத்துப் பக்கத்தில் நின்ற எங்கள் சீமையிலே, வாயைத் திறக்காமல் நன்கொடை கேட்கிற தொழில் ஒன்று இருந்தது. அந்தத் தொழிலில் நான் இருந்தேன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதை சொன்னால் கேட்கிறவன் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும். கோயில் திருவிழாவுக்கோ பள்ளிக்கூடக் கூரைக்கோ ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களே, நாய் துரத்த ஓடியவர்களே, நீங்கள் 'ம்' கொட்டுங்கள். மற்றவர்களுக்கு இது விளங்காது.

தொண்ணூறுகளின் கடைசி. சிரம்பானில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் எங்கள் சங்கம். கோலா சாவா, சுவா பக்கத்துத் தோட்டங்களில் சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வாரம் மூன்று முறை டவுனுக்கு ஏற்றி வந்து, ரத்தம் கழுவி முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் சங்கத்தின் ஒரே வேலை. அதற்கு ஒரே ஒரு வேன். அது இருமிக்கொண்டிருந்தது. அது நின்றுபோனால் கோலா சாவா தோட்டத்து அஞ்சலையக்காவுக்கு விடியற்காலையில் டவுனுக்கு வர வழியில்லை. முதல் பஸ் வந்து சேர்வதற்குள் அவருடைய கட்டில் அடுத்த ஆளுக்குப் போயிருக்கும்.

ஆகவே புது வேன் வாங்க இண்டர்நெட்டில் வசூல் செய்வதென்று கமிட்டி முடிவு செய்தது. எனக்கு நேரில் கேட்கக் குரல் வராது. ஆனால் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருந்தேன். இந்த இரண்டு தகுதிக்காக வேலை என் தலையில் விழுந்தது.

ஒரே லைன்

அப்போதெல்லாம் இண்டர்நெட் டெலிபோன் கம்பி வழியாகத்தான் வரும். சங்கத்துக்கு இருந்ததோ ஒரே லைன். நான் உள்ளே நுழைந்தால் மோடம் கீச்சென்று கத்தி, கரகரத்து, ஒரு வழியாக அடங்கும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து யார் அடித்தாலும் பிஸி. விடியற்காலையில் வேகமாக இருக்கும் என்று நான் சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு மழைநாளில் அஞ்சலையக்காவின் தோட்டத்து முன்ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது. பின்பக்கச் சந்திக்கு வேனை வரச் சொல்ல, தோட்டத்து லயத்து வீடுகளை ஒட்டிய கடையிலிருந்து சங்கத்துக்கு அடித்திருக்கிறார். நானோ சங்கத்துப் பெயர்ப்பலகையின் படத்தை எங்கள் இண்டர்நெட் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வேன் முன்ரோட்டுக்குப் போய், தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. அக்கா பின்பக்கச் சந்தியில் பொழுது ஏறும்வரை நின்றிருக்கிறார். அடுத்த முறை வந்தபோது கால் வீங்கியிருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அடிச்சு அடிச்சுப் பாத்தேன் தம்பி, பிஸிதான்லா. உலகத்துக்கே சேதி சொல்றீங்க, கோலா சாவாக்காரி அடிச்சா மட்டும் எடுக்க மாட்டீங்களா?"

பட்டுச்சேலை

இண்டர்நெட் பக்கத்துக்கு ஆட்களின் படம் வேண்டும். அடுத்த முறை வரும்போது எல்லாரையும் படம் எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவைத்தேன். அதுதான் நான் செய்த காரியம். நம்மவர்களிடம் படம் என்று முன்கூட்டிச் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆண்கள் கல்யாணத்துக்குப் போடும் முழுக்கைச் சட்டையில் வந்தார்கள். பெண்கள் தலை நிறையப் பூ. அஞ்சலையக்கா மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டி, பக்கத்து வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். கையில் ஊசி ஏறி ஏறிப் புடைத்திருந்த இடத்தை முந்தானையால் அழகாக மூடிவிட்டார். வேனைக்கூட யாரோ கழுவித் துடைத்திருந்தார்கள்.

"சாதாரணமா நில்லுங்க அக்கா," என்றேன். "சாதாரணமாத்தான் நிக்கறேன்," என்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். படம் ஏறியது. மாதக் கணக்கில் ஒரு சென் காசுகூட வரவில்லை. கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார்: "படம் பார்த்தேன். கல்யாண கோஷ்டி நன்றாக இருக்கிறது. நோயாளிகள் படம் எப்போது போடுவீர்கள்?"

கதை நன்றாக இருக்கிறது

சரி, எழுத்தில் அடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். சின்ன வயதில் கேட்ட கதைகள் எல்லாம் உள்ளே கிடந்தன. கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரத்துக்குக் கீழே இருட்டில் ஒரு பெண் நிற்கிறாள் என்று தொடங்கி, அவள் உடம்பில் ஓடும் ரத்தத்தை ஆறாக்கி, வேனைத் தேராக்கி, நானே கண்கலங்கும்படி எழுதினேன்.

எங்கள் பொருளாளர் சூசை அங்கிள், ஒரு தோட்டத்தில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் தோளில் கை வைத்தபோது அவருக்கும் மனது இளகிவிட்டது என்றே நினைத்தேன். "கத ரொம்ப நல்லாருக்கு தம்பி," என்றார். "படிச்சு அழுதவன் பணத்த எங்க அனுப்பறதுன்னுதான் எங்கயுமே காணோம்."

மேலே யார் பெயர்

வங்கிக் கணக்கு எண்ணையும் விலாசத்தையும் பக்கத்தின் உச்சியில் போட்ட பிறகு ஒன்றிரண்டு காசோலைகள் வந்தன. இண்டர்நெட் வசூல் என்று பெயர்தானே தவிர, பணம் என்னவோ தபால்காரரின் மோட்டார் சைக்கிளில்தான் வந்தது. கொடுத்தவர்கள் பெயரைப் பக்கத்தில் வரிசையாகப் போட்டேன். கோயிலில் ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் பாதி மறையும் அளவுக்குப் பெயர் எழுதி வாங்குகிறவர்கள் நாம். அதை நான் மறந்திருக்கக் கூடாது.

கோலாலம்பூரில் கடை வைத்திருந்த ஒரு புண்ணியவான், தன் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் குடும்பத்தோடு கார் பிடித்து வந்துவிட்டார். லைன் கிடைக்கவே நேரமாயிற்று. கிடைத்ததும் பெயர்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. வேறொரு கடைக்காரரின் பெயர் முதலில் வந்தது. இவர் முகம் மாறியது. இவர் பெயர் வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அறுந்தது. தேதி வாரியாகத்தான் போட்டிருக்கிறேன் என்று மெல்லச் சொன்னேன், அவர் காதில் விழவில்லை. பிள்ளைகள் கீழே ஐஸ் கச்சாங் கேட்டு அழத் தொடங்கின. அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "தம்பி, அடுத்த தடவ நான் வேனுக்கு டயர் வாங்கித் தரேன். டயர்ல பேர எழுதிடு. அது ஓடறப்பவாச்சும் நாலு பேரு பாப்பாங்க."

அவர் டயரும் தரவில்லை.

சிரிக்காத படம்

ஒரு நாள் நானும் வேனில் போனேன். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துச் சந்தியில் அஞ்சலையக்கா தனியாக நின்றிருந்தார். கைலி, பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. சட்டையைச் சுருட்டி விட்டிருந்தார். புடைத்த கை அப்படியே தெரிந்தது. வேன் விளக்கு மேலே பட்டதும் கண்ணைச் சுருக்கினார்.

"அக்கா, இப்படியே ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கோலத்துலயா? சரி எடு. சிரிக்க மட்டும் சொல்லாத," என்றார்.

அந்தப் படம் ஏறிய பிறகு தபால்காரர் மாடி ஏறி வரத் தொடங்கினார். தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் காசோலை வந்தது. "அந்த அம்மாவுக்கு" என்று பின்பக்கத்தில் எழுதி அனுப்பினார்கள். புது வேன் முடியாது, ஆனால் ஓரளவு நல்ல பழைய வேன் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. தலைவர், அதாவது கீழே மளிகைக் கடை வைத்திருந்தவர், ஒரு பார்ட்டியிடம் விலையும் பேசிவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். சூசை அங்கிள் மட்டும் காசோலைகளை அடுக்கிக்கொண்டே அஞ்சலையக்காவின் படத்தைப் பார்த்துச் சொன்னார்: "பாவம், பட்டுச்சேலையில நின்னப்ப இவள ஒருத்தனும் மதிக்கல."

கோலா பிலாவிலிருந்து வந்தவர்கள்

அஞ்சலையக்காவுக்கு ஒரே மகள், செல்வி. ஃபேக்டரியில் வேலை. கோலா பிலாவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார், நல்ல பிள்ளை என்று பேச்சு. மாப்பிள்ளையின் தங்கைக்கு ஆபீசில் வேலை, ஆபீசில் கம்ப்யூட்டர்.

நடந்ததை அக்காவே வந்து சொன்னார். ரத்தம் கழுவி முடித்த கையோடு, கட்டுப் போட்ட கையைத் தாங்கிக்கொண்டு மாடி ஏறியிருந்தார். "காப்பி குடுத்தேன் தம்பி. டம்ளர வாங்கிக்கிட்டு, 'உங்கள நாங்க முன்னாடியே பாத்துட்டோமே'ன்னு சொல்லுது அந்தத் தங்கச்சிப் பொண்ணு. மாப்பிள்ள அம்மா கேக்கறாங்க, 'இது மகளுக்கும் வருமாமே, ஊரே உங்களுக்காகக் காசு கேக்குதாமே'ன்னு. செல்வி தட்டத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. யோசிச்சுச் சொல்றோம்னு போயிருக்காங்க. என் மூஞ்சிய எடுத்துடு தம்பி."

"எடுத்தா வேன் வராதுக்கா," என்றேன். என் காதுக்கே கேட்காத குரல். தலைவரும் அங்கேதான் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. "மத்தவங்களும் அந்த வேன்லதான் வராங்க, அஞ்சல. கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கக் கூடாதா?" என்றார். அக்கா சத்தம் போடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னார்: "நான் பொறுத்துக்குவேன் ஐயா. வியாதிய பொறுத்துக்கிட்டேன், ஊசிய பொறுத்துக்கிட்டேன். எம்மக எதுக்குப் பொறுத்துக்கணும்?"

மாலை போட்ட படம்

அன்றைக்கே எடுத்துவிட்டேன். அதோடு தபால்காரர் மாடி ஏறுவதும் நின்றது, வேனுக்குக் குறைந்த தொகை குறைந்தபடியே கிடந்தது. வேறு யாராவது படம் தருவார்களா என்று வேனில் வருகிறவர்களைக் கேட்டேன். ஒருவருக்கு மகன் அரசாங்க வேலைக்கு மனுப் போட்டிருந்தான். ஒருவருக்குச் சம்பந்தி வீட்டில் இன்னும் வியாதியைச் சொல்லவில்லை. சுவாக்காரர் ஒருவர், "செத்த பிறகு எடுத்துக்க, இப்ப வேணாம்லா," என்று சிரித்தார்.

கடைசியில் தலைவர் தன் படத்தையே போடச் சொன்னார். ஏதோ விழாவில் பெரிய மாலையோடு எடுத்த படம். போட்டேன். இரண்டே வாரத்தில் ஆழ்ந்த அனுதாபங்கள் வர ஆரம்பித்தன. ஒருவர் 'அன்னாரின் நினைவாக' என்று காசோலையே அனுப்பிவிட்டார். அதை எப்படிக் கொண்டுபோய் நீட்டுவது என்று தெரியாமல் நின்றேன். தலைவர் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பேங்க்ல போட்டுரு," என்றார். "நான் உசுரோடதான் இருக்கேன்னு கிளியர் ஆனப்புறம் எழுது."

ரந்தாவ் ரோடு

வேன் படத்தையாவது போட்டுப் பார்க்கலாம் என்று கேமராவோடு ஏறியிருந்தேன். ஆட்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிற பிற்பகல் நேரம். ரந்தாவ் ரோட்டில், வழியில் ஒரு பஸ் ஸ்டாப்புக்குச் சற்றுத் தள்ளி, வேன் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. டிரைவர் மணியண்ணன் மூடியைத் திறந்தார், புகையைப் பார்த்தார், மூடினார்.

ரத்தம் கழுவி வந்தவர்களுக்குத் தலை சுற்றும். புல்லில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு மகன் மோட்டாரில் வந்தான். இருவரைச் செம்பனைப் பழம் ஏற்றிப் போன லாரிக்காரர் முன்னால் ஏற்றிக்கொண்டார். மற்றவர்கள், டவுனுக்கே திரும்பி வேறு பஸ் பிடிக்க, எதிர்த்திசைப் பஸ்ஸுக்கு ரோட்டைத் தாண்டினார்கள். மணியண்ணன் மெக்கானிக்கைத் தேடிப் போனார். அஞ்சலையக்காவும் நானும் மிஞ்சினோம்.

"கோலா பிலாவுல சரின்னுட்டாங்க தம்பி," என்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "படம் போயிருச்சுன்னு அந்தப் பொண்ணே பாத்துச் சொல்லியிருக்கு. தை பொறந்ததும் கல்யாணம்." பிறகு வேனைத் திரும்பிப் பார்த்தார். "இனிமே பஸ்தான். மத்தியான ஆளுங்களோட இடம் இருந்தா போட்டுக்கறேன்னு நர்ஸ் சொல்லுது. வாரத்துக்கு ரெண்டு தடவ வந்தா போதாதா?"

போதாது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தூரத்தில் பஸ் தெரிந்தது. அக்கா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். என் கையிலிருந்த கேமராவைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரணும் தம்பி," என்றார். "வெறுங்கையோட வா, போதும்."

கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி மெல்ல நடந்து போனார்.

ஆக, இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: முகத்தைக் காட்டாவிட்டால் உலகம் காசு தராது, காட்டினால் பெண் எடுக்க யோசிக்கும்.