எட்டு மில்லிமீட்டர்

அக்கா போன பிறகு அலுவலகம் அனுப்பிய இரங்கல் குறிப்பில், அவள் எல்லோரிடமும் அன்பாகப் பழகினாள் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவருக்கு அவளைத் தெரிந்திருக்காது.

அந்த அலுவலகத்தின் மொட்டைமாடியில் செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் ஆன்டெனா ஒன்று பதினெட்டு வருஷமாக நின்றது. நிலம் எவ்வளவு நகர்கிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதற்கெல்லாம் அதன் பதிவுதான் ஆதாரம். அதைப் பார்த்துக்கொண்டவள் அக்கா. பின்புறப் பாறையில் தூண் எழுப்பிப் புது நிலையம் வந்தது. அதற்குப் பொறுப்பாக வந்தவன் அவளுடைய கொழுந்தன். தன் அண்ணன், அக்காவின் கணவர், செத்தபோதுகூட வராதவன். அவள் அவனை 'சார்' என்பாள், வேண்டுமென்றே.

வந்ததும் பழையதைக் கழற்றச் சொன்னான். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் உயரத்தையும் தரையில் கருவி வைத்து அளக்காமல் கழற்றினால் பழைய பதிவு புதியதோடு ஒட்டாமல் அறுந்துபோகும் என்றாள் அக்கா. இரண்டும் ஒரே வானத்தைத்தானே பார்க்கின்றன, செயற்கைக்கோள் கணக்கே போதும் என்றான் அவன். ஆன்டெனா மாறியதால் வரும் பிழையை நிலம் நகர்ந்ததாகக் கணக்கு காட்டிவிடும் என்று இவள் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

ஸ்பேனரோடு ஆட்கள் ஏறியபோது அக்கா மாடிக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆன்டெனா பக்கத்தில் உட்கார்ந்தால் உடம்பே சிக்னலைக் கெடுக்கும் என்பதால் அவ்வளவு தள்ளி.

"எந்திரிங்க அண்ணி."

"அண்ணன் சாவுக்கு வராத கால், இங்க மட்டும் நல்லா ஏறுதே."

"அன்னிக்கு நீங்க மட்டும் அவர் பக்கத்துலயா இருந்தீங்க?"

ஆட்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்கள். அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் அளப்பது என்று முடிவானது. அவள் அளவை அவன் நம்பமாட்டானாம். அவன் அளவை இவளும் நம்பமாட்டாள். ஆளுக்கொரு தடவை, தனித்தனியாக.

அவன் தூணிலிருந்து தொடங்கி, ஆன்டெனாவுக்கு அடியில் மாடியில் பதித்த பித்தளைக் குறி வரை அளந்தான். அக்கா ஆன்டெனாவின் அடிவிளிம்பு வரை அளந்து, குறிக்கு மேலே இருக்கும் தாங்கிக்குப் பதிவேட்டில் எழுதியிருந்த உயரத்தைக் கழித்தாள். உயரத்தில் எட்டு மில்லிமீட்டர் இடித்தது. கருவி பிடிக்கத் தெரியாதவன் என்று அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவன் போய்த் தாங்கியைத் தடவிப் பார்த்தான். தாங்கிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இந்த வளையம் எப்ப போட்டது?"

 அக்கா தெரியாது என்றிருக்கலாம். பிழை அவன் தலையில் விழுந்திருக்கும். பழைய பதிவும் எட்டு மில்லிமீட்டர் பொய்யோடு புதியதில் போய்ச் சேர்ந்திருக்கும்.

"அவர் போன அன்னிக்கு. ஆன்டெனா காத்துல சாஞ்சு நின்னுச்சு, நிமித்தறதுக்குப் போட்டேன். ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சு. முடிச்சிட்டு போயிடலாம்னு நினைச்சேன்."

அன்றிலிருந்து பதிவில் உயரம் சட்டென்று ஏறியிருந்தது. காற்றில் கட்டிடம் அசைந்ததால் வந்த மாற்றம் என்றே இத்தனை வருஷமும் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவளும் அப்படியே நம்பியிருந்தாள். போட்ட வளையத்தை எழுதிவைக்க அன்று அவளுக்கு நினைவில்லை; அந்த நாளைப் பிறகு அவள் திரும்பி நினைத்துப் பார்க்கவும் இல்லை.

அவன் பதிவேட்டில் தேதியை எழுதினான். காரணம் என்ற இடத்தில், 'பராமரிப்பாளரின் கவனக்குறைவு' என்று எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டான். போட்டாள்.

அந்தத் தேதிக்குப் பிந்தைய பதிவில் எட்டு மில்லிமீட்டரைக் கழித்ததும் பதினெட்டு வருஷமும் புதுத் தூணின் பதிவோடு பிசிறில்லாமல் சேர்ந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் ஆன்டெனாவைக் கழற்றினார்கள். அக்கா ஓய்வு பெறும்வரை அவர்கள் இருவரும் அந்தக் கட்டிடத்துக்குள் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போய் வந்தார்கள்.