மருந்தில்லாத மெத்தை

இந்த நாட்டில் விஷத்துக்குப் பெயர் கிஃப்ட். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஜெர்மன் மொழியில் அப்படித்தான். ஆறு வருடத்துக்கு முன் வந்த புதிதில், எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சுவரோரமாக ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் கிஃப்ட். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு வீட்டுக்காரர் ஏதோ வைத்திருக்கிறார், எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று உருகிப்போய்க் குனிந்து திறக்கப் போனேன். பின்னால் வந்த என் கணவர் சரவணன் கையைப் பிடித்து இழுத்தார். உள்ளே இருந்தது எலிக்கு வைத்தது. அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

போன மாதம் ஒரு மெத்தைக் கடையில் அதே சொல் மறுபடியும் என் காலை வாரியது. குழந்தைத் தொட்டிலுக்கு மெத்தை தேடிப் போயிருந்தேன். கடையில் இருந்த வெள்ளைமுடி அம்மாள் ஒரு மெத்தையைத் தட்டிக் காட்டி, “கைன் கிஃப்ட்” என்றார். இதில் விஷம் எதுவும் இல்லை என்கிறார். தூக்கமில்லாத என் மூளை அதை நம் ஊர் வழக்கப்படி எடுத்துக்கொண்டது. தஞ்சாவூரில் மெத்தை வாங்கினால் தலையணை இலவசம் என்பார்களே, அது இங்கே கிடையாது என்கிறார் போலிருக்கிறது. கிஃப்ட் எல்லாம் எனக்கு வேண்டாம், மெத்தை நன்றாக இருந்தால் போதும் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். எந்தத் தாய்தான் பிள்ளைக்கு விஷம் வேண்டும் என்பாள்? சமாளிக்கிறேன் பேர்வழி என்று அடுத்து நான் கேட்டது இன்னும் மோசம். மெத்தையில் மருந்து ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று கேட்க நினைத்து, ‘மெடிகமென்ட்’ இருக்கிறதா என்று கேட்டுத் தொலைத்தேன். உடனே அவர் முகம் இளகிவிட்டது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, எதிர்ச்சாரியில் மருந்துக்கடை இருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் திறந்திருக்கும் என்று வாசல்வரை வந்து கைகாட்டினார். ஆனைக்கு அர்ரம் என்றால் குதிரைக்கு குர்ரம். மெத்தை வாங்காமலே திரும்பி வந்தேன்.

தப்பு என்மேல் மட்டும் இல்லை. கீழ்வேளூர்ப் பக்கம் பிறந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். பூச்சிக்கொல்லி என்ற சொல் நமக்குப் பாடப்புத்தகத்தில்தான் இருக்கிறது. வாயில் வருவது மருந்து. குருத்துப்பூச்சிக்கு மருந்து, புகையானுக்கு மருந்து, களைக்கு மருந்து, எலிக்கும் மருந்து. இன்னார் மருந்தைக் குடித்துவிட்டார் என்று யாராவது ஓடிவந்தால், காய்ச்சலுக்கு ஏதோ சாப்பிட்டார் என்று ஒருவரும் எடுத்துக்கொள்வதில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கொல்லுவதற்கும் குணமாக்குவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். இதில் இவர்களுடைய கிஃப்டைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மகள் ஏழு வாரம் முன்கூட்டியே பிறந்துவிட்டாள். மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். நான் அந்தக் கடைக்குப் போனதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார். சந்தோஷப்பட விட்டாரா? நுரையீரல் இன்னும் முழுதாகத் தேறவில்லை, புகை, பெயின்ட், கடுமையான வாசனை எதுவும் அவள் மூச்சில் படக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். நாளில் முக்கால்வாசி நேரம் தூங்கப் போகிறவள். அவ்வளவு நேரமும் அவள் மூக்குக்கு மிகப் பக்கத்தில் இருக்கப்போவது மெத்தை.

சரவணன் ஏற்கெனவே மெத்தை ஆராய்ச்சியில் இருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் முற்றிவிட்டது. பதினாலு மெத்தை, ஒவ்வொன்றுக்கும் பதினோரு கட்டம் என்று கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல். இந்த மெத்தையில் பஞ்சு நல்லது, பசை கெட்டது. அந்த மெத்தையில் பசை கிடையாது, ஆனால் தீப்பிடிக்காமல் இருக்க ஏதோ தெளித்திருக்கிறார்கள். இன்னொன்றில் எல்லாம் சரி, ஈரம் இறங்காமல் இருக்கப் போட்ட மேலுறையில் சந்தேகம். ஒரு முத்திரை இருந்தால் வாங்கலாம் என்று ஒருவன் எழுதுகிறான், அந்த முத்திரையே ஏமாற்று வேலை என்று இன்னொருவன் எழுதுகிறான். ‘ஷாட்ஷ்டாஃப்ஃப்ரை’ என்று பல்லில் சிக்கிக்கொள்கிற ஒரு சொல், கேடு செய்யும் பொருள் எதுவும் இல்லாதது என்று அர்த்தமாம். பதினாலு மெத்தையிலும் அது எழுதியிருந்தது. திருப்பனந்தாளில் வெறும் கோரைப்பாயில் உருண்டு வளர்ந்த மனிதர் இவர். இவருடைய பட்டியலைப் பார்க்கப் பார்க்க எனக்கு மண்டை காய்ந்தது. அதைவிடக் கொடுமை, எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

ஏனென்றால் பிள்ளை பிறந்த வாரமே அவசரத்தில் இணையத்தில் ஒரு மெத்தை வாங்கியிருந்தோம். பாய்போலச் சுருட்டி பிளாஸ்டிக்கில் அடைத்து வந்தது. கத்தியால் கீறியதும் புஸ்ஸென்று எழுந்து உட்கார்ந்தது, கூடவே ஒரு வாசனையும் எழுந்தது. இரண்டு நாளில் போய்விடும் என்று அதன் கூட வந்த சீட்டு சொன்னது. இரண்டு வாரமாகியும் போகவில்லை. பிப்ரவரிக் குளிரில் அதைத் தூக்கி பால்கனிக் கம்பியில் போட்டேன். கீழ்வீட்டுப் பெரியவர் மணியடித்து, என்ன, மூட்டைப்பூச்சியா என்று கேட்டார். இல்லை, வாசனை என்றேன். அவர் நம்பவில்லை. வெளிநாட்டுக்காரி வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பார். தனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், வந்து அடித்துவிட்டுப் போனால் ஒரு பூச்சி தங்காது என்று அன்பாக ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அப்படி ஓர் ஆளை எனக்கும் தெரியும் என்று சொல்ல வாய்வரை வந்தது.

என் அப்பா மருந்து அடிக்கிறவர். முதுகில் டேங்க், கையில் குழல், வாயைச் சுற்றி ஒரு துண்டு. கீழ்வேளூரைச் சுற்றி ஏழெட்டு ஊர்களில் யார் வயலில் பூச்சி விழுந்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அந்த டேங்க்தான் என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தது. நான் இங்கே வேலைக்கு வந்த வருடம்தான் அதை இறக்கினார். இப்போது மூன்று மா நிலம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். ட்ரோன் வந்து மருந்து அடிக்கிறது, அவர் வரப்பில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். டேங்க் தூக்கிய காலத்தில் சாயங்காலம் ஆளுக்கு முன்னால் வாசனை வீட்டுக்கு வந்துவிடும். கொல்லையில் அம்மா அண்டா நிறையத் தண்ணீரும் சோப்பும் வைத்திருப்பாள். சட்டை தனியாக வேலியில் கிடக்கும். குளித்த பிறகும் அப்பா எங்களோடு ஒட்டமாட்டார். ஐந்து வயதில் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்ளப் பார்த்தபோது, “கிட்ட வராத” என்று போட்ட அதட்டலில் அப்படியே நின்றுவிட்டேன். மற்ற பிள்ளைகள் அப்பா தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தார்கள். நான் அம்மா இடுப்பில் இருந்து பார்த்தேன். பெண் பிள்ளை என்ற இளக்காரம், அதனால்தான் தூக்குவதில்லை என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். முப்பத்திரண்டு வயதுவரை அந்த முடிவை மாற்றவில்லை.

மெத்தையில் வந்தது அதே வாசனை இல்லை. ஆனால் அதற்குப் பங்காளி.

மெத்தைக் கடையில் இருந்து வெறும் கையோடு வந்த அன்று, புதன்கிழமை, ஊருக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு என் கவலையே புரியவில்லை. பழைய நூல் புடவையை நாலாக மடித்துப் போடு, இல்லாவிட்டால் தூளி கட்டு, பிள்ளையைத் தனியாகக் கூண்டுக்குள் படுக்க வைக்க அவள் என்ன கேட்பாரற்றவளா என்று சண்டைக்கு வந்தாள். தூளியின் படத்தை நான் ஏற்கெனவே ஹெபாமேயிடம் காட்டியிருந்தேன். ஹெபாமே என்றால் பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிற மருத்துவச்சி. பிள்ளை முதுகு வளையும், மூச்சு அடைக்கும், கூடவே கூடாது என்று அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி, நடுவில் நான். பிள்ளை பெற்றவள் வாயைத் திறக்கவே இடமில்லை. மெத்தையில் மருந்து இருக்கிறதம்மா, அதுதான் பயம் என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் போன் கை மாறியது. அப்பா வழக்கமாக நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு அம்மாவிடமே கொடுத்துவிடுகிறவர்.

“மெத்தையில மருந்தாமே. முக்கோணம் என்ன கலரு?” என்றார்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஊரில் மருந்து டப்பாக்களில் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. மெத்தைக்கு ஏதுப்பா முக்கோணம் என்றேன். சீட்டில் ஏதாவது போட்டிருப்பான், பார்த்துச் சொல்லு என்று விடவில்லை. சீட்டில் பச்சையாக ஒரு இலை முத்திரை இருந்தது. பச்சைதான், போதுமா என்றேன்.

“பச்சைன்னா விஷம் இல்லேன்னு இல்லம்மா. கம்மின்னுதான் அர்த்தம்.”

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சரவணன் கம்ப்யூட்டரில் இருந்து கையை எடுத்துவிட்டார். மூன்று வாரமாக இவர் படித்துக் கிழித்ததெல்லாம் இந்த ஒரு வரிதான். அப்பா மேலே கேட்டுக்கொண்டே போனார். மோந்து பார்த்தால் தலை வலிக்கிறதா, நாக்கு மரத்துப்போகிறதா, கண் எரிகிறதா, பிள்ளைக்கு இளைப்பு உண்டா. மூச்சுதான்பா அவளுக்குப் பலவீனம் என்றேன்.

“ஒனக்கும் இருந்துச்சு” என்றார். “கைப்பிள்ளையில ஒனக்கு இளைப்பு. சம்பாவுக்கு மருந்தடிப்பு மும்முரம். நான் உள்ள வந்தாலே நீ இருமுவ. ரெண்டு மாசம் களத்துலதான் படுத்துக் கெடந்தேன். குளிச்சாலும் போவாதும்மா அது. தோல்ல ஏறிக்கும்.”

“ஏம்பா சொல்லவே இல்ல?”

“சொல்ற சங்கதியா அது? பெத்த பிள்ளைய தூக்கப் பயப்படுறேன்னு யார்ட்ட போயி சொல்றது?”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? தேருக்குப் போன வழியில் சொல்லியிருக்கலாம், விமானம் ஏறின அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். என்னை ஒதுக்கி வைத்த மனிதர் என்று நான் இத்தனை வருடம் மனசுக்குள் முறைத்துக்கொண்டு இருந்தவர், ஒதுங்கிப்போனது தான்தான் என்று ஒரு மெத்தை விவகாரத்தில் வந்து சொல்கிறார். முதுகில் டேங்கை மாட்டி விட்ட நிலக்காரர்கள் ஒருவர்கூட அவருக்கு ஒரு கையுறை வாங்கித் தரவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர்கள் வீட்டில் நான் பொங்கல் சாப்பிட்டிருக்கிறேன். போனை வைத்த பிறகு இணையத்தில் வாங்கிய அந்த மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே குப்பையோடு வைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை பட்டியலை எடுக்காமல் அதே கடைக்குப் போனேன். வெள்ளைமுடி அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, பிள்ளை தேவலையா என்றார். தேவலை என்று சொல்லிவிட்டு, வரிசையாக இருந்த மெத்தைகளில் ஒவ்வொன்றாகக் குனிந்து மூக்கை வைத்தேன். நாலாவது, உள்ளே தேங்காய் நார், மேலே பருத்தி உறை. லேசாக ரப்பர் வாசனை இருந்தது. தலை வலிக்கவில்லை, கண் எரியவில்லை. இது கோகோஸ், இந்தியாவில் இருந்து வருகிறது, உங்களுக்குத் தெரியுமா என்று அவர் பெருமையாகக் கேட்டார். நாங்கள் இதைக் கொல்லையில் போட்டுக் கொசுவுக்குப் புகைமூட்டம் போடுவோம் என்று சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். நான் மறுபடி மறுபடி மோந்து பார்ப்பதைக் கண்டு, அவரும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார். நல்லதுதான் என்றார். சரவணன் பட்டியலில் அது ஒன்பதாவது இடத்தில் இருந்தது. அதைச் சொல்ல நான் அவரை விடவில்லை.

வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக்கு வந்தாள். பின்னாலேயே ஹெபாமே வந்து, மெத்தையை அழுத்திப் பார்த்துத் திருப்திப்பட்டு, இதன்மேல் பிள்ளையைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது, துணி, பொம்மை, தலையணை எதுவும் கூடாது என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். மகள் மல்லாந்து படுத்துக்கொண்டு கோழிக்குஞ்சு மாதிரி மூச்சு விட்டாள். நானும் சரவணனும் தொட்டிலின் இரண்டு பக்கமும் நின்று அந்த மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தோம். ஊரில் இருந்து வீடியோ அழைப்பு வந்தது. அம்மா திரை முழுக்க நிறைந்து கொஞ்சித் தீர்த்தாள். அவளுக்குப் பின்னால், கதவை ஒட்டி அப்பா. போனை மகள் முகத்துக்கு அருகில் கொண்டுபோனேன். அம்மா இன்னும் முன்னால் வந்தாள். அப்பா சட்டென்று ஓர் அடி பின்னால் போனார்.

“போனுதானப்பா. கிட்ட வாங்க.”

அவர் வரவில்லை. இருந்த இடத்தில் இருந்தே கேட்டார். “ஜூன்ல நாங்க அங்க வர்றப்ப, நான் பிள்ளைய தூக்கலாமா? டேங்க எறக்கி ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் இருக்குமா கையில? அங்க டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லு.”

“கேட்டுட்டேம்பா. தூக்கலாமாம்.”

யாரையும் கேட்கவில்லை. மூன்று வாரமாக எந்த முத்திரையையும் நம்பாதவள், ஒரே மூச்சில் நானே ஒரு முத்திரை குத்திவிட்டேன். சரவணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எழுதிக் குடுத்தாங்களா?” என்றார் அப்பா.

“குடுத்திருக்காங்க.”

அதற்கப்புறம்தான் முன்னால் வந்தார். துண்டில் இரண்டு கையையும் துடைத்துவிட்டு அம்மாவிடமிருந்து போனை வாங்கினார். பிடிக்கத் தெரியாமல் பிடித்ததில் பாதி நெற்றியும் ஒரு காதும்தான் திரையில் வந்தன. மகள் கையை விரித்துச் சோம்பல் முறித்தாள். மெத்தையில் எதுவும் இருக்கக் கூடாது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அப்பாவைக் கொண்டுபோய் மெத்தையின் மேல், அவள் பக்கத்தில் வைத்தேன்.