கொட்டகையில் கேட்ட ஆமென்

சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்தால் நேரே நரகம்தான் என்று சித்தூரில் எங்கள் சபைப் பிள்ளைகளுக்குப் பால்குடி மறக்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். அதனாலேயே அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வெள்ளைக்காரர் காலம், படம் பேச ஆரம்பித்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அத்தைக்கு என்னைவிட ஆசை அதிகம். ஆனால் அவள் மிஷன் பள்ளி வாத்தியாரம்மா. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை அன்றைக்கே போய்விடும். அப்படியும், கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பதிக்கு ரயிலேறிவிட்டாள்.

"உங்க நைனாகிட்ட மூச்சு வுட்டே, தோலை உரிச்சிடுவேன்," என்றாள்.

டேரா கொட்டகை. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு படுதா. உட்கார மணல். எங்கு பார்த்தாலும் மலையிலிருந்து இறங்கிவந்த மொட்டைத் தலைகள். விளக்கு அணைந்ததுதான் தாமதம், திரையில் மனுஷர் பேசினார்கள், பாடினார்கள்! அடேயப்பா, நான் அத்தையின் மடிமேலேயே ஏறி நின்றுவிட்டேன். திடீரென்று சங்கு முழங்க சாமி பிரசன்னமானார். கூட்டம் மொத்தமும் எழுந்து கைகூப்பியது. ஒருவர் திரைக்கு முன்னால் கற்பூரமே கொளுத்திவிட்டார். "கோவிந்தா! கோவிந்தா!" என்று காது அடைத்தது. எல்லாரும் எழுந்து நின்றால் கண்ணை மூடிப் பழகியவள் நான். சத்தம் அடங்கியதும் உரக்கச் சொன்னேன்: "ஆமென்!"

அத்தை என் வாயைப் பொத்துவதற்குள், படுதாவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கட்டைக் குரல் பதில் சொன்னது: "ஆமென்!" ஆமென் காதில் விழுந்தால் திருப்பிச் சொல்லாமல் எங்கள் சபைக்காரர்களால் இருக்க முடியாது.

"ஐயோ, நம்ம ஆளு எவனோ உள்ள கீறான்டீ!" அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பாதிப் படத்தில் என்னைத் தரதரவென்று வெளியே இழுத்துவந்தாள். ஊர் திரும்பியும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எவன் பார்த்தானோ, யாரிடம் போய்ச் சொல்வானோ!

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் போதகர் பிரசங்கத்துக்கு எழுந்தார். எடுத்த எடுப்பிலேயே சினிமா! அத்தை என் கையை நெரித்தாள். அவரோ பாவத்தின் கூடாரத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார்.

"ஆண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தால்தான், முன்னாலிருக்கிறவனின் மொட்டைத் தலை மறைக்காது, பிரியமானவர்களே! அப்பேர்ப்பட்ட இடம் அது!"

பிறகு தன் கட்டைக் குரலில், "ஆமென்!" என்று முடித்தார்.

அத்தையின் பிடி தளர்ந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குனிந்துவிட்டாள். பாவம், மனந்திரும்பி அழுகிறாள் என்று நினைத்து நானும் கூடவே அழுதேன்.