ஸ்டெல்லா பென்சிலில் எழுதிய ‘பார்’

காலை பதினொன்று பதினேழு. வாகைகுளத்தில் விமானம் இறங்கியதும் அணைத்திருந்த போனை மறுபடி போட்டேன். எங்கள் படகோட்டி சூசை அண்ணன் ஒன்பது முறை கூப்பிட்டிருந்தார். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அண்ணன் முறை. “மாப்ள, ஸ்டெல்லா போயிட்டா” என்றார். பழையகாயலில் அலையாத்தி இலைகளை அளந்துகொண்டிருந்தவள் மயங்கி விழுந்திருக்கிறாள். தலைக்குள் ரத்தக் கசிவாம். அவர் கூப்பிட்ட நேரமெல்லாம் நான் அவளுக்கு மேலேதான் பறந்துகொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் அலுவலக நண்பர்களுக்கு எங்கள் வேலை தெரியும். அவளோடு படித்தவர்களுக்காகச் சொல்கிறேன். விமானத்தின் அடியில் உள்ள கேமரா கண்ணுக்குப் படாத நிறங்களையும் பிரித்துப் பதியும். அதை வைத்து எது கடற்புல், எது மணல், எந்தச் செடி வாடுகிறது என்று வரைபடம் போடுவோம். நான் மேலே. அவள் அதே நேரத்தில் கீழே, படகிலோ சேற்றிலோ நின்று சரிபார்ப்பாள்.

கல்யாணத்துக்கு முன்பு, எங்கள் முதல் படத்தில் ஒரு கரும்புள்ளிக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘பார்’ என்று எழுதி அனுப்பியிருந்தாள். நான் பனங்காட்டு உடன்குடிக்காரன், கடல் பேச்சு தெரியாது. சொன்னபடி பார்த்தேன். இரண்டு நாள் நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, கடற்புல்தான், வேறொன்றும் தெரியவில்லை என்றேன்.

“உங்கள யாரு பாக்கச் சொன்னா? பாருன்னா கடலுக்கடியில கெடக்க பாறைங்க. முத்துச்சிப்பி ஒட்டியிருக்கும். எங்கப்பா சங்கு குளிச்ச எடம்.”

“விடுளா, பனங்காட்டுக்காரரு. மேல ஏறித்தான் பாப்பாரு” என்றார் சூசை அண்ணன்.

மறுநாள் அங்கே கூட்டிப்போய், முங்கி எடுத்த சிப்பி ஒன்றை என் கையில் வைத்தாள். எங்கள் வரைபடத்தில் பாருக்குத் தனி நிறம் வந்தது அதற்குப் பிறகுதான்.

விமானம் ஏறும்வரை அவளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பேன். “போனை அணைச்சிட்டு ஏறுங்க. நான் எங்க போயிரப் போறேன்? கீழதான நிக்கேன்” என்பாள்.

அவள் போன அன்றிலிருந்து போனை அணைக்க முடியவில்லை. அதனால் பறக்கவும் இல்லை. பறந்து படமெடுக்க வேண்டிய கடலில் ஒரே ஒரு பட்டை பாக்கி. காற்று கிளம்பினால் கடல் கலங்கிவிடும். பிறகு அடுத்த வருஷம்தான். வேறு ஆளை அனுப்பலாமா என்று அலுவலகத்தில் கேட்டிருந்தீர்கள்.

நேற்று அவள் பையைத் திறந்தேன். அந்தக் கடைசிப் பட்டையின் பழைய படம் இருந்தது. ஓர் ஓரத்தில் ‘பார்?’ என்று எழுதியிருந்தாள். கேள்விக்குறி போட்டு அவள் எழுதி நான் கண்டதில்லை.

சூசை அண்ணனிடம் காட்டினேன். வெகுநேரம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கும் தெரியல. நான் கீழ நிக்கேன் மாப்ள. நீங்க ஏறுங்க.”

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு சிப்பி, ஒரு சொல், அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி. எனக்கு அது நிறைவாகவே இருக்கிறது.

இதை வாகைகுளத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வானம் வெளுத்திருக்கிறது. சூசை அண்ணனின் படகு கிளம்பிவிட்டதாம். ஆறுதல் சொல்ல யாரும் கூப்பிட்டால் கிடைக்கமாட்டேன். போனை அணைக்கிறேன்.