ஊசியக்கா எடுக்காத திருவிருந்து

முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டிவிட்டு ஊசியக்கா கண்களை மூடிக்கொள்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் நீட்டிய கையை மெல்லப் பின்னுக்கு இழுக்கிறார். "பயப்படாதீங்க. கண்ணை மூடினாத்தான் என் விரலுக்குக் கண்ணு திறக்கும்." பிறகு உதடு மட்டும் அசைகிறது. "ஆண்டவரே, இந்தக் கை பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கு. நரம்பை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீர்? சீக்கிரம் காட்டும், வெளியில நாப்பது பேர் பட்டினி." வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையிடம் பேசுவது போல, மரியாதையும் அதட்டலும் சரிபாதி.

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு வரிசை நிற்கும். முகப்பில் உட்கார்ந்து பெயர்களைத் தட்டி, குழாயில் ஒட்டும் ஸ்டிக்கரை அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. அக்காவின் மேலங்கியில் வலப்பை நிறையப் பஞ்சு, இடப்பை நிறைய மிட்டாய். அழுகிற பிள்ளைகளுக்கு என்றுதான் வாங்குகிறார். பாதி பெரிய ஆண்களுக்குப் போகிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன் முப்பது விநாடி ஜெபம். ஆமென் சொன்ன வாயாலேயே மேல்மாடிக்காரியின் புதுச் சம்பந்தி பற்றிய செய்தியைத் தொடங்கிவிடுவார். "புறம் பேசக் கூடாதுன்னு உங்க ஆண்டவர் சொல்லலையாக்கா?" என்றேன் ஒருநாள். "சொல்லியிருக்கார். அந்தப் பக்கத்தை ஞாயித்துக்கிழமை படிப்பேன்."

நானும் அதே ஆலயத்துக்குப் போகிறவள்தான், கடைசி பெஞ்சு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கே கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டு வந்த பிறகு, ஞாயிறு கேட்கிற பிரசங்கம் செவ்வாய் காலை எட்டு மணி நெரிசலில் யாருக்கு என்ன செய்கிறது என்ற சந்தேகம் விட்டபாடில்லை. அக்காவை நான் உற்றுப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படிப் பார்த்ததில்தான் அது கண்ணில் பட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். எல்லாரும் எழுந்து முன்னே போக, அக்கா மட்டும் காலை ஒடுக்கி மற்றவர்களுக்கு வழி விட்டார். அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம், வெளியே செருப்பு மாட்டும்போது கேட்டுவிட்டேன்.

"உடம்பு சரியில்லையாக்கா?"

"உடம்புக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கு. ஒருத்தர் மேல பழி போட்டுட்டு எந்தக் கையை நீட்டி அதை வாங்கறது?"

அதற்கு மூன்று மாதத்துக்கு முன் இரண்டு குழாய்கள் மாறிப்போயிருந்தன. ஒரு முதியவரின் சர்க்கரை அளவு ஒரு ஆசிரியையின் பெயரில் போய், அந்த அம்மா இரண்டு நாள் அழுதிருக்கிறார். சாப்பாட்டு அறையில் எல்லாரையும் கூட்டி, கூடத்தை நடத்தும் டாக்டரம்மா விசாரித்தார். அக்கா சட்டென்று, "என் கையில அப்படி நடக்காது. அண்ணன்தான் மாத்தியிருப்பார்" என்றார். அண்ணன் என்றது பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுப்பவரை. எதையும் ஆற அமரச் செய்வதால் எல்லாருக்கும் அவர் 'நிதானம்'. அவரோ யோசித்து யோசித்து, "இருக்கலாம்" என்றார். அன்றே அவரைச் சிறுநீர் பாட்டில் வாங்கும் ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்கள்.

அக்கா அப்போது அதை நம்பித்தான் சொன்னார். மறு வாரம் அதே ஆசிரியை மறுபரிசோதனைக்கு வந்தார். "உங்ககிட்டயே எடுத்துக்கறேங்க. போன தடவை நீங்க குத்தினது எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல." அக்காவின் முகம் சுண்டிப்போனதை நான் முகப்பிலிருந்து பார்த்தேன், புகழ்ச்சிக்கு ஏன் இந்த முகம் என்று அன்று விளங்கவில்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று ஸ்டிக்கர்களை முன்கூட்டியே ஒட்டி வைப்பது அவர் வழக்கம். குழாய் மாறிய அன்று முதியவர் கழிப்பறைக்குப் போக, அவர் இடத்தில் உட்கார்ந்த ஆசிரியையின் ரத்தம் முதியவர் பெயர் ஒட்டிய குழாயில் போயிருக்கிறது.

இதை அக்கா ஆலய வாசலில் சொல்லி முடித்ததும் கேட்டேன். "யாருக்கும் தெரியாதேக்கா. போய் எடுத்துக்கிட்டா யார் பார்க்கப் போறாங்க?"

"யாரும் பார்க்கலேன்னு நீ சொல்ற. எனக்கும் மூணு மாசமா அதேதான் தோணுது. அதுதான்டி பயமா இருக்கு."

"அப்போ அண்ணன்கிட்ட தனியாப் பேசிடுங்க."

"பழியை எட்டுப் பேர் முன்னாடி போட்டுட்டு மன்னிப்பைக் காதுக்குள்ள கேட்கறதா? நல்லாருக்கு நியாயம்."

அதன் பிறகும் நாலு வாரம் ஓடியது. ஒவ்வொரு மதியமும் டிபன் பாக்ஸ் மூடியைத் திறப்பார், வாயைத் திறப்பார், சம்பந்தி கதைதான் வரும். அடுத்த திருவிருந்துக்கு மூன்று நாள் இருக்கையில், டாக்டரம்மாவும் இருந்த நேரம், சாப்பிடாமல் எழுந்து நின்றார். "அந்தக் குழாயை மாத்தினது நான். அண்ணன் இல்ல. தெரிஞ்ச பிறகும் மூணு மாசத்துக்கு மேல வாயை மூடிட்டு இருந்தேன். அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க."

நிதானம் வாயிலிருந்ததை மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தார்.

"இப்பவே பதில் சொல்லணுமாம்மா?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னா..."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "நாலு மாசம் பாட்டில் வாங்கியிருக்கேன். எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும். உங்க ஞாயித்துக்கிழமைக்கு நான் என்ன செய்ய?"

மறுநாளே டாக்டரம்மா இருவரையும் இடம் மாற்றினார். அக்கா பாட்டில் ஜன்னலுக்கு, அண்ணன் ஊசிக்கு. ஆனால் வரிசைக்குப் பழைய கதைதான் தெரியும். "குழாயை மாத்தினவர்தானே? அந்த அம்மா வரட்டும், நாங்க நிக்கறோம்" என்று சனிக்கிழமை காலை வந்தவர்கள் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். அண்ணன் காலி நாற்காலிக்கு எதிரே பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு என் முன்னே வந்து, "எனக்கு ஒரு சர்க்கரை டெஸ்ட் போடு" என்றார். ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டு வரிசை முன் திரும்பினார். "மாத்தினது இவரு இல்லைங்க, நான்." போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார்.

அண்ணனுடையது நாலு மாதம் ஊசி தொடாத கை. அண்ணன் தட்டினார், தடவினார், மறுபடி தட்டினார். அக்கா அவசரப்படுத்தவில்லை. அண்ணன் குத்தினார். குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. குத்திய இடம் நீலமாக வீங்கியது. சுவரோரம் முணுமுணுப்பு எழுந்தது. அண்ணனுக்கு நெற்றி வியர்த்தது.

அக்கா பஞ்சால் வீக்கத்தை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினார்.